ரிம் ஜாயிஸ்ட்ல பஞ்சு அடைச்சா போதுமா? (விவாத இழை)

கேள்வி, நவம்பர் 9

மர ஃப்ரேம் வீடு, கீழ பேஸ்மெண்ட். குளிர் ஆரம்பிச்சதும் சுவர் ஓரமா நடந்தா பாதம் விறைச்சுப்போகுது, நடு ஹால்ல அவ்வளவு இல்ல. பேஸ்மெண்ட்ல போய் அண்ணாந்து பார்த்தேன், அஸ்திவாரச் சுவர் முடியுற இடத்துல ஜாயிஸ்ட்டுக்கு (தரையைத் தாங்குற குறுக்கு மரம்) நடுவுல எல்லாம் வெறும் மரம்தான் தெரியுது. அங்க ஃபைபர்கிளாஸ் பஞ்சை அடைச்சா போதும், ஒரு மத்தியான வேலைன்னு ஒருத்தர் சொல்றார். சரிதானா? இன்னொண்ணு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல, பின்வாசல் மூலையில தரை கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு, கோலிக்குண்டு வச்சா அந்தப் பக்கம் உருளுது.

நவம்பர் 9, ராத்திரி

போதாதுங்க. அந்தப் பஞ்சை வாங்காதீங்க. இதே வேலையை என் வீட்டுல பண்ணி ரெண்டு குளிர்காலம் கழிச்சு ஒவ்வொரு கட்டமா (ரெண்டு ஜாயிஸ்ட்டுக்கு நடுவுல இருக்கிற இடம்) பிடுங்கிப் போட்டவன் நான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல அந்த இடம் எப்படி இருக்குன்னு மனசுல வாங்கிக்கோங்க. கான்கிரீட் சுவர் மேல சில் பிளேட்னு ஒரு மரம் படுத்திருக்கும், போல்ட் போட்டு இறுக்கியிருப்பாங்க. அது மேல ஜாயிஸ்ட் எல்லாம் வரிசையா வந்து உக்காரும். அந்த ஜாயிஸ்ட் முனைகளை எல்லாம் வெளிப்பக்கமா மூடிக்கிட்டு ஓடுற நிமிர்ந்த பலகைதான் ரிம் ஜாயிஸ்ட். ஒன்றரை இஞ்ச் மரம், அதுக்கு வெளிய ஷீத்திங் பலகை, அதுக்கும் வெளிய சைடிங்னு மேல்மூடி, அவ்வளவுதான். மேல சுவருக்குள்ள இன்சுலேஷன் இருக்கு, கீழ பாதிச் சுவருக்கு மண்ணு இருக்கு, நடுவுல இந்த ஒரு அடிப் பட்டை மட்டும் வீட்டைச் சுத்தி போர்வை இல்லாம நிக்குது.

ஆனா மரம் மெல்லிசுங்கறது பாதிப் பிரச்சனைதான். கான்கிரீட்டும் சில்லும் சேர்ற கோடு, சில்லும் ரிம்மும் சேர்ற கோடு, ரிம்மும் மேல சப்ஃப்ளோரும் (ஜாயிஸ்ட் மேல அடிச்ச தரைப் பலகை) சேர்ற கோடு, இந்த மூணும் வீடு முழுக்க சுத்தி ஓடுது. சூடான காத்து மேல ஏறி கூரைக்கு அடியில இருக்கிற அட்டிக் வழியா வெளிய கசியும், போன அளவுக்கு குளிர்காத்து கீழ இருந்து உள்ள வந்தே ஆகணும், அது வர்ற வழி இந்தக் கோடுகள். பஞ்சு காத்தை நிறுத்தாது, வடிகட்டும். பிடுங்கின பஞ்சை வெளிச்சத்துல பிரிச்சுப் பாருங்க, காத்து நுழைஞ்ச இடத்துல மட்டும் கரி பூசின மாதிரி கறுப்பா இருக்கும், எங்க ஓட்டைன்னு அதுவே காட்டிக்கொடுக்கும்.

நவம்பர் 10

நேத்து முக்கியமானதை விட்டுட்டேன். குளிரை விட மோசம் தண்ணி.

வீட்டுக்குள்ள 20 டிகிரி சூடு, 50 சதவீத ஈரப்பதம்னு வச்சுக்கோங்க. அந்தக் காத்து ஏறக்குறைய 9 டிகிரிக்குக் கீழ இருக்கிற எதையாவது தொட்டா அதுமேல தண்ணியா படியும். பஞ்சு இல்லாதப்ப வீட்டுச் சூடு ரிம் மரத்தைக் கொஞ்சமாவது தொட்டுக்கிட்டு இருந்துச்சு. பஞ்சை அடைச்சதும் மரத்துக்குச் சூடு போறது குறைஞ்சிடும், மரம் வெளிக் குளிருக்கே போயிடும், ஆனா ஈரக்காத்து மட்டும் பஞ்சுக்குள்ள புகுந்து போய் அதைத் தொடும். அதாவது நாமளே மரத்தைக் குளிர வச்சு, ஈரத்துக்கும் வழி விட்டு, அதுக்கு ஒரு மூடியும் போட்டு வைக்கிறோம்.

என் வீட்டுல ரெண்டாவது குளிர்காலம் ஜனவரில ஒரு கட்டத்தைத் திறந்தேன். சைடிங்க்கு அடிச்ச ஆணிங்க ரிம்மைத் துளைச்சு உள்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, ஒவ்வொரு ஆணி நுனியிலயும் ஒரு வெள்ளைப் பனிக் குஞ்சம். டார்ச் அடிச்சா மினுக்குது. மரம் முழுக்க மெல்லிசா பனி பூத்திருந்துச்சு, சுரண்டினா நகத்துல வந்துச்சு. பஞ்சோட பின்பக்கம் விறைச்சுப் போய் பலகை மாதிரி. வெயில் காலம் வர்றப்ப இந்தப் பனி எல்லாம் உருகி எங்க போகும்? சில் பிளேட் மேலதான் போய் நிக்கும். சில் ஓரத்துல கறுப்புப் புள்ளிப் புள்ளியா பூசணம் அப்பவே ஆரம்பிச்சிருந்துச்சு.

நவம்பர் 10, கொஞ்ச நேரம் கழிச்சு

காத்து எங்க உள்ள வருதுன்னு கண்டுபிடிக்க ஊதுபத்தி ஒண்ணு கொளுத்திக்கிட்டு பேஸ்மெண்ட் போங்க. வெளிய நல்லாக் குளிர்ற, காத்து அடிக்கிற நாளா பாருங்க, மேல பாத்ரூம், கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாத்தையும் ஓடவிடுங்க. சில் ஓரமா பத்தியை மெதுவா நகர்த்துங்க. புகை நேரா ஏறினா சரி, படுத்துட்டா அங்க சாக்பீஸ்ல ஒரு கோடு. கேபிள், கேஸ் பைப், வெளிக் குழாய் நுழையுற துளைங்களை மறக்காதீங்க, எனக்கு ரொம்ப மோசமா இருந்தது வெளிக் குழாய் ஓட்டைதான், சுண்டுவிரல் போகும். பஞ்சு, தொங்குற நூலாம்படை பக்கத்துல நெருப்பு, ஜாக்கிரதை.

நவம்பர் 11

அந்த கோலிக்குண்டு விஷயம் நேத்து படுத்தும் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. பின்வாசல் மூலைன்னு சொல்றீங்க. அங்க வெளிய மர டெக் இருக்கா? டெக்கைத் தாங்குற லெட்ஜர் பலகையை நேரா ரிம் ஜாயிஸ்ட்ல போல்ட் போட்டிருக்காங்களா? அதுக்கு மேல தண்ணியை வெளிய தள்ற ஃப்ளாஷிங் தகடு தெரியுதா?

தெரியலைன்னா இன்சுலேஷன் பேச்சை இப்போதைக்கு நிறுத்திட்டு ஒரு தமர் ஊசியை எடுத்துக்கிட்டு உள்ள போங்க, இல்லைன்னா கூர்மையான ஸ்க்ரூடிரைவர். அந்த மூலையில ரிம், சில், ஜாயிஸ்ட் முனை மூணையும் குத்துங்க. நல்ல மரம்னா ஊசி சும்மா ஒரு நூல் இறங்கி நின்னுடும், இழுத்தா சிம்பு நீளமா கிளம்பும். இத்துப்போன மரம்னா நனைஞ்ச அட்டையில குத்தின மாதிரி இறங்கும், சிம்பு வராது, துண்டு துண்டா உடையும். சத்தமும் மாறும், சுத்தியல் பிடியால தட்டிக்கிட்டே போங்க, நல்ல மரம் டங்குன்னு கேக்கும், கெட்டது டொப்புன்னு அமுங்கிக் கேக்கும்.

ஈரம் அளக்குற மீட்டர் ரெண்டு ஊசி வச்சது கிடைச்சா இன்னும் நல்லது. 15, 16 சதவீதத்துக்குள்ள இருந்தா நிம்மதி. 20 தாண்டினா மூடக்கூடாது. 28, 30 பக்கம் தொடர்ந்து நின்னா மரத்தைத் தின்னுற பூஞ்சைக்கு அதுதான் வேணும்.

நவம்பர் 13

இன்னொருத்தர் பஞ்சு வேணாம்னா வேற என்னதான் வைக்கிறதுன்னு கேட்டிருக்கார். மரம் காய்ஞ்சிருக்கு, குத்திப் பார்த்தாச்சுன்னு வச்சுக்கிட்டு சொல்றேன். ஃபோம் போர்டு. அதுல மூணு வகை, எக்ஸ்பிஎஸ் ஒரு இஞ்சுக்கு ஆர் 5 (ஆர்னா சூடு வெளிய போறதைத் தடுக்குற அளவு), சாதா வெள்ளை இபிஎஸ் 4 பக்கம், பாலிஐசோ 6 பக்கம். எதை வேணா எடுங்க, ரெண்டு இஞ்ச் கனம், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா வெட்டணும்.

வெட்டுறதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, நானும் முதல் பத்து கட்டம் அப்படித்தான். இறுக்கமா கச்சிதமா உக்காரணும்னு மில்லிமீட்டர் கணக்கா அளந்து வெட்டுவோம், அது உள்ள போகாது, தட்டித் தட்டி நுழைச்சா மூலை நொறுங்கும், நுழைஞ்சாலும் சுத்தி முடி அளவு இடுக்கு இருக்கும், அந்த இடுக்குல உப்புற ஃபோம் அடிக்கிற டப்பாவோட நுனியே நுழையாது. அதனால வேணும்னே நாலு பக்கமும் கால் இஞ்ச் சின்னதா வெட்டுங்க. ரெண்டு ஆணி தற்காலிகமா அடிச்சு நடுவுல நிறுத்துங்க, அப்புறம் டப்பா ஃபோமை அந்தக் கால் இஞ்ச் சந்துல பின்னாடி வரைக்கும் போற மாதிரி சுத்தி அடிங்க. உப்பி வந்து ஜாயிஸ்ட், சில், சப்ஃப்ளோர் எல்லாத்தோடயும் ஒட்டிக்கும். காத்தை நிறுத்துறது இந்த வரம்புதான், நடுவுல இருக்கிற போர்டு குளிரை மட்டும் பாத்துக்கும்.

சில்லுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல இருக்கிற கோடு போர்டுக்குக் கீழ, வெளியவே நிக்கும். அதை விட்டுடாதீங்க. ப்ரஷ்ஷால தூசியைத் தட்டிட்டு சீலன்ட் ஒரு கோடு இழுங்க, சந்து பெருசா இருந்தா ஃபோம்.

கன் மாட்டுற டப்பாவா வாங்குங்க. குழாய் வச்சு வர்ற டப்பா பாதியில நிறுத்தினா நுனி இறுகிப்போயிடும், கன்னுல மாட்டினா நாளைக்கும் வேலை செய்யும். என் வீட்டுல 46 கட்டம், மூணு வார இறுதி ஆச்சு. கையுறை, கண்ணாடி, தலைக்குத் துணி. அண்ணாந்து அடிக்கிற வேலை, ஒரு சொட்டு முடியில விழுந்தா கத்திரிக்கோல்தான்.

நவம்பர் 14

நேத்து எழுதினதுல ரெண்டு திருத்தம்.

ஒண்ணு, "எதை வேணா எடுங்க"ன்னது சரியில்ல. பாலிஐசோ குளிர் ஏற ஏற தன் ஆர் மதிப்பைக் கொஞ்சம் இழக்கும், நாம வைக்கிற இடமோ வீட்டுலயே ரொம்பக் குளிர்ற இடம். வெட்டின ஓரத்துல தண்ணியும் குடிக்கும். அதனால இந்த இடத்துக்கு எக்ஸ்பிஎஸ்தான் என் தேர்வு. ஆனா பாலிஐசோல ஒரு வகை தடிச்ச அலுமினியத் தாள் ஒட்டி, திறந்தபடி விட தீப் பரிசோதனை முடிச்சு வருது, அதுக்கு அந்த ஒரு பெரிய நன்மை உண்டு.

ரெண்டாவது அதுதான், நெருப்பு. ஃபோம் எரியும், எரிஞ்சா புகை கொல்லும். திறந்த ஃபோம் போர்டை பேஸ்மெண்ட்ல அப்படியே விடலாமா, மேல அரை இஞ்ச் ஜிப்சம் போர்டு வைக்கணுமான்னு உங்க இடத்துக் கட்டட அதிகாரிகிட்ட கேட்டுட்டு வேலையை ஆரம்பிங்க. நான் ஜிப்சம் துண்டுகளை வெட்டி மேல ஒட்டினேன், வேலை ஒன்றரை மடங்கு ஆச்சு, ஆனா ஹீட்டர் இருக்கிற அறை அது, மூடாம விட எனக்கு மனசு வரல.

நவம்பர் 16

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கார். டெக் இருக்காம். தகடு இல்லையாம். ஊசி ஒரு இஞ்ச் இறங்கிச்சாம், ரெண்டு ஜாயிஸ்ட் முனையும் மெத்துன்னு இருக்காம். மீட்டர்ல 31.

நல்லவேளை பஞ்சு வாங்கல. ஃபோமும் வாங்கல. ஃபோம் போட்டிருந்தா இன்னும் மோசம், ஏன்னா ஈரமான மரம் உள்பக்கமாதான் கொஞ்சம் கொஞ்சமா காய்ஞ்சிட்டு இருந்திருக்கும், அந்த வழியையும் அடைச்சிருப்போம், உள்ள இருந்து பாக்கவும் முடிஞ்சிருக்காது, ஒரு நாள் டெக் சரியுறப்பதான் தெரிஞ்சிருக்கும்.

இப்பவே ரெண்டு காரியம். டெக்ல யாரையும் ஏத்தாதீங்க, பிள்ளைங்க இருந்தா கதவைப் பூட்டி வைங்க, லெட்ஜர் போல்ட் எல்லாம் இத்த மரத்தைத்தான் பிடிச்சிருக்கு. அப்புறம் தண்ணி எங்கிருந்து வருதுன்னு வரிசையா பாருங்க: லெட்ஜர் மேல தகடு, பின்வாசல் நிலைப்படி அடி, கூரைத் தண்ணி இறங்குற பைப் எங்க கொட்டுது, மண்ணு சைடிங் வரைக்கும் ஏறியிருக்கா. மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல ஆறு, எட்டு இஞ்ச் கான்கிரீட் வெளிய தெரியணும். தரைமட்டம் வீட்டை விட்டு 10 அடிக்கு 6 இஞ்சாவது சரியணும். இதைச் சரி பண்ணாம மரத்தை மாத்தினா புது மரமும் இத்துப்போகும், காலம்தான் கொஞ்சம் தள்ளிப்போகும்.

நவம்பர் 17

அவர் தனி ஆளா ஜாக்கி வச்சுத் தூக்கலாமான்னு கேக்கறார். என் வீட்டுலயும் ஒரு மூலை இறங்கிச்சு, அதை எப்படிப் பண்ணினோம்னு சொல்றேன், ஆனா முதல்ல ஒண்ணு. ஜாயிஸ்ட் செங்குத்தா வந்து முட்டுற பக்கமா, இல்ல ஜாயிஸ்ட் இணையா ஓடுற பக்கமான்னு பாருங்க. முட்டுற பக்கம்னா ஜாயிஸ்ட்டுக்கு அடியில முட்டுக்கொடுத்தா மேல சுவரும் சேர்ந்து தாங்கும். இணையா ஓடுற பக்கம்னா மேல இருக்கிற சுவர் மொத்தமும் ரிம் மேலயே உக்காந்திருக்கு, ஜாயிஸ்ட்டைத் தாங்கி ஒரு பிரயோஜனமும் இல்ல. அந்தப் பக்கம்னா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வராம கை வைக்காதீங்க. டெக்கும் அதே மூலையில மாட்டியிருக்கிறதால உங்க விஷயத்துல எப்படிப் பாத்தாலும் ஒரு தடவை அவரைக் கூப்பிட்டுடுங்க.

என்னோடது முட்டுற பக்கம், அஞ்சு ஜாயிஸ்ட். மாமனார் வீட்டு வேலைக்கு வந்துட்டு இருந்த ஒரு தச்சர் பெரியவர் கூட நின்னார், அவர் இல்லைன்னா நான் அவசரப்பட்டிருப்பேன். அஸ்திவாரச் சுவர்ல இருந்து ரெண்டரை அடி தள்ளி கீழ தரையில கனமான பலகை ரெண்டடுக்கு படுக்கப் போட்டோம், பேஸ்மெண்ட் தரை ஸ்லாப் மெல்லிசு, ஜாக்கியை நேரா வச்சா ஓட்டை போட்டு இறங்கிடும்னார். மேல ஜாயிஸ்ட்டுக்குக் குறுக்க ஒரு இரட்டை உத்தரம். நடுவுல ரெண்டு பாட்டில் ஜாக்கி, ஜாக்கித் தலைக்கும் மரத்துக்கும் நடுவுல இரும்புத் தகடு, இல்லைன்னா மரத்துக்குள்ள ஜாக்கி அமுங்கும்.

அப்புறம் அவர் சொன்னது, "ஒரு நாளைக்கு ஒரு நூல், அதுக்கு மேல வீடு கேக்காது." ஒரு நூல்னா எட்டுல ஒரு பங்கு இஞ்ச். எங்களுக்கு முக்கால் இஞ்ச் தூக்க வேண்டியிருந்துச்சு, ஆறு நாள். தினமும் சாயங்காலம் கால் சுத்து, நின்னு கேக்கறது, இன்னொரு கால் சுத்து. மேல எங்கயோ ஆணி விடுபடுற கிறீச் சத்தம் வரும், அவர் கையைத் தூக்கினா நிறுத்திடணும். மாடியில பெட்ரூம் கதவு நிலையில உரசிட்டு இருந்தது நாலாவது நாள் தானா விட்டுச்சு, என் மனைவி மேல இருந்து கத்திச் சொன்னா. ஆறாவது நாள் ரசமட்டத்துல குமிழி கிட்டத்தட்ட நடுவுக்கு வந்ததும் போதும்னுட்டார். பல வருஷமா இறங்கி உக்காந்த வீட்டை ஒரேயடியா நேராக்கப் பாத்தா சுவர்ல விரிசல் விடும், குழாய் மூட்டு பிடுங்கும்.

தூக்கி முடிச்சதும் ஜாக்கியை நம்பி விட்டுடாதீங்க. ஹைட்ராலிக் ஜாக்கி ராத்திரியில மெதுவா இறங்கும். உடனே கச்சிதமா வெட்டின முட்டுக்கால்களை நிறுத்தி, ஆப்பு அடிச்சு, பாரத்தை அதுக்கு மாத்துங்க.

நவம்பர் 18

இத்த ஜாயிஸ்ட் முனைக்கு என்ன பண்றதுன்னு விட்டுப்போச்சு. முனை ஒரு அடி இத்திருந்தா மொத்த ஜாயிஸ்ட்டையும் கழட்ட வேண்டாம். இத்த பாகத்தை நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, பக்கத்துலயே அதே உயரத்துல புது ஜாயிஸ்ட்டைச் சேர்த்து இணைக்கிறது, சிஸ்டரிங். பழசு 2க்கு 10 இஞ்ச் மரம்னா புதுசும் 2க்கு 10தான். முடிஞ்சவரைக்கும் ரெண்டு முனையும் தாங்குற இடத்துல உக்கார்ற முழு நீளம் போடுங்க. பசை போட்டு, அரை இஞ்ச் போல்ட்டை மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு மாத்தி மாத்தி, 16 இஞ்சுக்கு ஒண்ணா இறுக்கினோம். சில் மேல புது மரம் ஒன்றரை இஞ்சாவது உக்காரணும், நேரா கான்கிரீட் மேலன்னா 3 இஞ்ச்.

முழு நீள மரத்தை ஜாயிஸ்ட் நடுவுல நுழைக்கிறதுதான் கொடுமை, பைப்பும் வயரும் குறுக்க நிக்கும். படுக்க வச்சு நுழைச்சு அப்புறம் நிமிர்த்தணும், மேல் மூலை சப்ஃப்ளோர்ல இடிக்கும். முனையில அடிப்பக்க மூலையைக் கொஞ்சம் சீவினா நிமிரும். ரொம்பச் சீவாதீங்க, முனையில வெட்டு ஜாயிஸ்ட் உயரத்துல கால் பங்குக்கு மேல போகக்கூடாது.

சில் துண்டை மாத்துறதா இருந்தா மருந்தேத்தின மரம். அதுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல சில் கேஸ்கெட் ஃபோம் பட்டை. ஆணி, போல்ட் எல்லாம் கால்வனைஸ்டு, இல்ல ஸ்டெயின்லெஸ். அந்த மரத்துல இருக்கிற செம்பு சாதா இரும்பை அரிச்சிடும். வெட்டின முனையில மருந்து தடவ மறக்காதீங்க, தொழிற்சாலை மருந்து உள்வரைக்கும் இறங்கியிருக்காது.

நவம்பர் 18, இன்னும் ஒண்ணு

ஜாயிஸ்ட்ல துளை போட்டு பைப் ஓட்டின பழைய பாவங்களையும் இப்பவே பாத்துடுங்க. துளை ஜாயிஸ்ட் உயரத்துல மூணுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும், மேல் ஓரம் கீழ் ஓரத்துல இருந்து 2 இஞ்சாவது தள்ளி. நடு மூணுல ஒரு பாகத்துல ஓரத்தை வெட்டவே கூடாது. எங்க பாத்ரூம் அடியில யாரோ ட்ரெயின் பைப்புக்காக ஒரு ஜாயிஸ்ட்டை முக்கால்வாசி அறுத்து வச்சிருந்தாங்க, டைல்ஸ் ஏன் திரும்பத் திரும்ப விரியுதுன்னு நாலு வருஷம் யோசிச்சோம்.

நவம்பர் 21

ரெண்டு பாட்டில் ஸ்ப்ரே ஃபோம் கிட் வாங்கி ஒரே நாள்ல அடிச்சிடலாமேன்னு ஒருத்தர். அடிக்கலாம், க்ளோஸ்டு செல்னு கெட்டியா இறுகுற வகை இஞ்சுக்கு ஆர் 6 வரும், கோணல்மாணல் இடத்துல போர்டை விட அதுதான் நல்லா பிடிக்கும், சுவருக்கும் கடைசி ஜாயிஸ்ட்டுக்கும் நடுவுல கை நுழையாத சந்துக்கு வேற வழியும் இல்ல. ஆனா குளிர்ந்த பேஸ்மெண்ட்ல பாட்டிலை வச்சு அடிச்சா ரெண்டு ரசாயனமும் சரியா கலக்காது, ஒண்ணு கண்ணாடி மாதிரி நொறுங்கும், இல்ல பிசுபிசுன்னே நிக்கும், அந்த வாசனை மாசக்கணக்குல போகாது. பாட்டில் சூடு 21 டிகிரிக்கு மேல இருக்கணும், மரமும் காய்ஞ்சு, ரொம்பக் குளிராம இருக்கணும். அடிக்கிறப்ப வர்ற ஐசோசயனேட் ஆவிக்குத் துணி மாஸ்க் பத்தாது, கார்ட்ரிட்ஜ் வச்ச முழு ரெஸ்பிரேட்டர், உடம்பு முழுக்க மூடின உடுப்பு. வீட்டுல மத்தவங்க அன்னைக்கு ராத்திரி வேற இடத்துல தூங்கட்டும். ஆஸ்துமா இருக்கிறவங்க கையே வைக்க வேண்டாம்.

நான் போர்டு வெட்டினதுக்கு இதான் காரணம், என் பொண்ணுக்கு வீசிங் உண்டு.

நவம்பர் 24

இதை முதல் நாளே சொல்லியிருக்கணும், விட்டுட்டேன், மன்னிச்சிடுங்க. பேஸ்மெண்ட்ல கேஸ்ல ஓடுற வாட்டர் ஹீட்டரோ ஃபர்னஸோ இருந்து, அதோட புகை தானா மேல ஏறிப் போற பழைய வகைன்னா, அது எரியுறதுக்கு இந்த ஓட்டைங்க வழியா வர்ற காத்தையும் நம்பித்தான் இருந்துச்சு. எல்லா இடுக்கையும் அடைச்சுட்டு மேல எக்ஸாஸ்ட் ஃபேனும் ட்ரையரும் ஓடினா புகைக்குழாய்ல காத்து தலைகீழா திரும்பும், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள வரும். நிறம் இல்ல, வாசனை இல்ல. அலாரம் மாட்டாம அடைக்காதீங்க. அடைச்சு முடிச்சதும் எல்லா ஃபேனையும் போட்டு ஹீட்டரை எரியவிட்டு ட்ராஃப்ட் ஹுட் (ஹீட்டர் மேல புகைக்குழாய் ஆரம்பிக்கிற திறந்த வாய்) கிட்ட அந்த ஊதுபத்தியைப் பிடிங்க, புகை உள்ள இழுக்கப்படணும். வெளிய தள்ளினா உடனே அணைச்சுட்டு ஆளைக் கூப்பிடுங்க.

நவம்பர் 29

கல் சுவர், செங்கல் சுவர் வீட்டுக்காரர் ஒருத்தர் இந்த இழையைப் படிச்சுட்டு நாளைக்கே ஃபோம் வாங்கப்போறேன்னு எழுதியிருக்கார். நில்லுங்க. நான் சொன்னதெல்லாம் மர ரிம் இருக்கிற வீட்டுக்கு. உங்க வீட்டுல ஜாயிஸ்ட் முனை நேரா கல்லுக்குள்ள சொருகி இருக்கும். கல்லு மழைத்தண்ணியைக் குடிக்கும், வீட்டுச் சூடு தொட்டுக்கிட்டு இருந்ததாலதான் அந்த முனைங்க இத்தனை வருஷம் காய்ஞ்சிருக்கு. உள்ள ஃபோம் போட்டு அந்தச் சூட்டை நிறுத்தினா முனை குளிர்ந்து ஈரம் கட்டி உள்ளயே மக்கும், கண்ணுக்கும் தெரியாது. வெளிச்சுவர்ல மழைத்தண்ணி எங்க அடிக்குதுன்னு முதல்ல பாருங்க, முனைகளைச் சுத்தி காத்து வர்ற இடுக்கை மட்டும் அடைங்க, இன்சுலேஷன் போடுறதா வேண்டாமான்னு பழைய கல் வீடு தெரிஞ்சவர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

ரொம்பப் பழைய மர வீடுகள்லயும் ஒரு சிக்கல். பலூன் ஃப்ரேமிங்னு, சுவர்க் கால் சில்லுல இருந்து மேல்மாடி வரைக்கும் ஒரே மரமா போகும், ரிம்மே இருக்காது, பேஸ்மெண்ட்ல கையை விட்டா சுவருக்குள்ள கூரை வரைக்கும் புகைபோக்கி மாதிரி வழி. அங்க காத்தை அடைக்கிறது மட்டும் இல்ல, தீத்தடுப்புக்கும் மரத்துண்டு வச்சு அடைக்கணும்.

டிசம்பர் 6

கரையான் பத்திக் கேட்டவருக்கு. ஃபோமைக் கரையான் தின்னாது, ஆனா துளைச்சுக்கிட்டுப் போகும், மறைவா போக அதுக்கு வசதி. கரையான் தொந்தரவு இருக்கிற இடம்னா அஸ்திவாரச் சுவர் உச்சியில மூணு இஞ்ச் பட்டை மூடாம விடுங்க, மண் குழாய் ஏறினா அங்க கண்ணுக்குத் தெரியணும். தச்சு எறும்பும் ஈர மரத்துலதான் முதல்ல கூடு வைக்கும், ஃபோம் தூள் கீழ கொட்டிக் கிடந்தா சும்மா பெருக்கித் தள்ளாம மேல பாருங்க.

மார்ச் 22

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கார். இன்ஜினியர் வந்து பாத்தாராம், நல்லவேளை முட்டுற பக்கம்தான். டெக்கைப் பிரிச்சு, எட்டு அடி ரிம்மும் ஆறு அடி சில்லும் மாத்தி, மூணு ஜாயிஸ்ட்டுக்கு சிஸ்டர் போட்டாச்சு. அரை இஞ்ச் தூக்கியிருக்காங்க. டெக்கைத் திரும்ப வீட்டுல மாட்டாம தனியா நிக்கிற மாதிரி தனிக் கால் போட்டுக் கட்டப்போறாராம், எனக்கு அதைப் படிச்சதும் அவ்வளவு சந்தோஷம். மத்த மூணு பக்கமும் குளிர்காலத்துலயே போர்டு வெட்டி அடைச்சுட்டார், பாதம் விறைக்கிறது நின்னுடுச்சாம்.

புது மரம் போட்ட மூலையை எப்ப மூடலாம்னு கேக்கறார். மீட்டர் இப்ப 22 காட்டுது. மருந்தேத்தின மரம் வாங்குறப்பவே ஈரமாத்தான் வரும், அந்த மருந்து உப்பு மீட்டரையும் கொஞ்சம் ஏத்திக் காட்டும், அதனால சில்லை விட்டுட்டு பக்கத்து ரிம் மரத்துல குத்திப் பாருங்க. வெயில் காலம் முழுக்க திறந்தே விடுங்க. வாரம் ஒரு தடவை, ஒரே இடத்துல, பென்சில்ல தேதி போட்டு மரத்து மேலயே எழுதி வைங்க.

ஆகஸ்ட் 30

அவர் அனுப்பின படத்துல ரிம் மேல பென்சில் எழுத்து ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கு: 22, 21, 19, 19, 17, அப்புறம் பெருமழை பெஞ்ச வாரம் 17, அதுக்கு அடுத்த வாரமும் 17, கடைசியில 14. மழைக்கு ஏறல பாருங்க, வெளித் தண்ணி இப்ப உள்ள வரல. மூடலாம்.

ஒரு கட்டத்தை மட்டும், டெக் இருந்த இடத்துக்கு நேரா உள்ளது, போர்டைச் சுத்தி ஃபோம் அடிக்காம, ஓரத்துல ரப்பர் பட்டை வச்சு இறுக்கி, கழட்டி மாட்டுற மாதிரி வைங்கன்னு சொல்லியிருக்கேன். ஜனவரில ஒரு தடவை திறந்து ஆணி நுனியைப் பாக்கணும்.